சபாபதி அண்ணன் காரைத் தூங்க வைத்த விதம்

பொங்கலுக்குக் கரும்பு வருகிறதோ இல்லையோ, கனடாவின் வின்னிபெக்கிலிருந்து சபாபதி அண்ணன் வந்துவிடுவார். என் நாத்தனார் பவளத்தின் கணவர். என் வீட்டுக்காரர் மதிவாணனுக்கு அக்கா மாப்பிள்ளை. அதாவது, சூரியன் மேற்கே உதிக்கிறது என்று அவர் சொன்னால், இவர் எழுந்து போய் மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்து வைப்பார். இந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு மறுபேச்சுக் கிடையாது. எனக்குத்தான் அது வாயோடு வந்த வியாதி. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் ஒன்றைச் சொல்லிக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்: புரியாவிட்டால் கையைத் தூக்கிக் கேள்.

இந்தத் தடவை விஷயம் என் கார். சின்னக் கார், சிவப்பு. நாற்பத்தாறு வயதில், ரிவர்ஸில் கம்பத்தைச் சாய்த்து, இன்ஸ்பெக்டரிடம் திட்டு வாங்கி, மறுபடி போய் லைசென்ஸ் எடுத்து ஓட்டுகிற கார். இவருக்கு ஓட்டத் தெரியாது. மதுரையில் என்னை யாரிடமும் கெஞ்ச வைக்காத ஒரே ஜீவன் அதுதான். மகளின் பிரசவத்துக்கு நாங்கள் புனே கிளம்ப வேண்டும். மூன்று மாதம் கார் ஷெட்டில் சும்மா நிற்கும். அந்த மூன்று மாதமும் சபாபதி அண்ணனும் பவளம் மதினியும் இந்த வீட்டில்தான்.

காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் ஆரம்பித்தார்.

"தங்கச்சி, கார் சாவியைக் குடும்மா. வண்டியை நான் தூங்க வைக்கறேன்."

"அது என்ன கைக்குழந்தையாண்ணே? ஷெட்டில நிக்கட்டும்."

"நிக்கட்டுமா!" இட்லியைத் தட்டில் வைத்துவிட்டார். "வின்னிபெக்ல இப்படிச் சொன்னா ஊரை விட்டே தள்ளி வச்சிருவான். எங்க ஊர்ல கார்த்திகையில வண்டியைத் தூங்க வச்சா சித்திரையிலதான் எழுப்பணும். நடுவுல அடிக்கிற குளிருக்கு, வாயிலருந்து துப்பினா கீழ விழறது கோலிக்குண்டு."

"குடேன் சாவியை," என்றார் இவர், மாப்பிள்ளைக்குச் சட்னி ஊற்றியபடி. "அத்தான் வாய் விட்டுக் கேட்டுட்டாங்கள்ல."

கைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தேன். அதன் மேல் என் கையையும் வைத்தேன். "எப்படித் தூங்க வைப்பீங்கன்னு சொல்லுங்கண்ணே. கேட்டுட்டுத் தர்றேன்." பவளம் மதினி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, காபியை ஆற்ற ஆரம்பித்தார்.

"முதல்ல குளிப்பாட்டணும்," என்றார் அண்ணன். "அடிவயிறு, கைமடிப்பு எல்லாம் தேய்ச்சு. ரோட்டுல உப்புக் கொட்டியிருப்பான், அந்த உப்பு ஒட்டிக்கிட்டு இருந்தா இரும்பைத் தின்னுரும். அப்புறம் மெழுகு. போன வருஷம் நான் போட்ட மெழுகு இருக்கே, ஒரு அணில் ஏறி நின்னுச்சு. நின்னுச்சாங்கறீங்க? வழுக்கிட்டுப் போய் ரெண்டு தெரு தள்ளித்தான் நின்னுச்சு. என் பானெட்டுல பட்ட வெயில் எதிர்வீட்டுத் தோட்டத்துல விழுந்து, கொட்டற பனியில ரோஜா பூத்துருச்சு. எதிர்வீட்டுக்காரி வந்து அழுதா."

"எதுக்கு அழுதாங்க?"

"சந்தோஷத்துல."

உப்பும் மெழுகும் உண்மையாகத்தான் இருக்கும். இவரிடம் அதுதான் தொல்லை. நெல்லைக் கொஞ்சம் தூவிவிட்டுத்தான் வலையை விரிப்பார்.

"அடுத்தது டயர். குளிர்ல காத்து சுருங்கி டயர் தொங்கிரும். எல்லாரும் கொஞ்சம் கூடுதலா அடிச்சு விடுவாங்க. நான் என்ன பண்ணேன்? சித்திரைத் திருவிழா அன்னைக்கு மதியம், மாசி வீதியில நின்னு, அந்த அனல் காத்தை ஒரு ஃபுட்பால்ல பிடிச்சு எடுத்துட்டுப் போனேன்."

"ஏர்போர்ட்ல விட்டானா?"

"நிறுத்திட்டான்! 'உள்ள என்ன?'ன்னான். 'மதுரை'ன்னேன். மூக்கை வச்சு மோந்து பார்த்தான், புருவம் பொசுங்கிருச்சு. போங்கய்யான்னு விட்டுட்டான். அந்தக் காத்தை டயர்ல ஏத்தினேன். அக்கம்பக்கத்துல எல்லாரும் வந்து டயர்ல கை வச்சுக் குளிர் காய்ஞ்சாங்க. பக்கத்து வீட்டு ஜஸ்வீர் தினம் சாயங்காலம் வந்து டயர்லயே சப்பாத்தி சுட்டுட்டுப் போனான்."

"எந்த ஜஸ்வீர்? அவர் அரிசிச் சோறுதான் சாப்பிடுவாரு," என்றார் மதினி. அவ்வளவுதான். மறுபடி காபி.

அண்ணன் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "அப்புறம் எலி. சூடு தேடி எஞ்சினுக்குள்ள புகுந்து ஒயரைக் கடிக்கும். சைலன்சர் வாயில கம்பி நாரை அடைச்சேன். பானெட்டுக்குள்ள பெருங்காயம் வச்சேன். வாடை தாங்காம அந்தத் தெரு எலி மொத்தமும் மூட்டை கட்டிக்கிட்டு அடுத்த மாகாணத்துக்குக் குடி போயிருச்சு. ஆனா பாருங்க, அதே வாடைக்கு ஒரு கரடி வந்துருச்சு."

இவரே சட்னிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "கரடியா அத்தான்?"

"கரடிதான் மாப்ள. அதுவும் குளிருக்குத் தூங்கற ஜாதி. நான் கார் பக்கத்துல முட்டி போட்டு வேலை செய்யறதைப் பார்த்துக்கிட்டே நின்னுச்சு. அப்புறம் மெதுவா வந்து என் பக்கத்துல மல்லாந்து படுத்துருச்சு. புரிஞ்சுக்கிட்டேன். அதுக்கும் எண்ணெய் மாத்தி விட்டேன்."

"கரடிக்கு எண்ணெயா!"

"நல்லெண்ணெய். தேய்ச்சுவிட்டு, ரெண்டு காதுலயும் பஞ்சை வச்சு, தார்ப்பாயை மூடி அனுப்பினேன். மத்த கரடியெல்லாம் ஏப்ரல்ல எந்திரிச்சுது. இது ஆடி மாசம் வரைக்கும் எந்திரிக்கல. காட்டிலாகாக்காரன் வீடு தேடி வந்துட்டான், என்னய்யா பண்ணித் தொலைச்சேன்னு."

இவர் கண்கலங்கிவிட்டார். பெருமையில். சாவியின் மேலிருந்த என் கையை லேசாகத் தட்டினார். நான் எடுக்கவில்லை.

"இன்னும் முடியலையே. உள்ள என்ன பண்ணீங்கண்ணே?"

"அப்படிக் கேளு! உள்ள ஈரம் தங்கினா பூஞ்சை பிடிக்கும். இந்தக் கார்த்திகையில, ஊர் உலகத்துல எவனும் செய்யாததைச் செஞ்சேன். சாம்பிராணி போட்டேன். நாலு கண்ணாடியும் ஏத்தி, உள்ள தூபக்காலை வச்சு, கதவைச் சாத்தினேன். புகை முட்டிருச்சு. தீயணைப்பு வண்டி வந்துருச்சு. வந்த ஆள் மோந்து பார்த்துட்டுத் தொப்பியைக் கழட்டிக் கும்பிட்டுட்டுப் போனான். அப்புறம் புகை வெளிய போகணுமே, டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை முழுசா இறக்கி விட்டேன். கையோட பேட்டரியைக் கழட்டிட்டேன். பேட்டரி குளிர்ல கிடந்தா செத்துரும். வீட்டுக்குள்ள கொண்டுவந்து, எங்க கட்டில்ல படுக்க வச்சு, கம்பளி போத்திவிட்டேன்."

"நான் ஹால்ல படுத்தேன்," என்றார் மதினி.

"அந்தப் பேட்டரிக்கு வந்த தெம்பு இருக்கே! ஒரு நாள் புயல்ல தெரு பூரா கரண்ட் போயிருச்சு. ரெண்டு ஒயரைச் சொருகினேன். தெருவே எரிஞ்சுது. மீதியைப் பக்கத்து ஊருக்குக் குடுத்தோம்."

நான் கையைத் தூக்கினேன். சாவி மேல் இருந்ததை அல்ல, இன்னொன்றை. பழக்கதோஷம்.

"ஒரு சந்தேகம்ணே. கண்ணாடியை இறக்கினீங்க. பேட்டரியைக் கழட்டினீங்க. பேட்டரி இல்லாம கண்ணாடி எப்படி ஏறிச்சு?"

அண்ணன் தட்டில் இல்லாத கறிவேப்பிலையைத் தேடி ஒதுக்கினார்.

"அது... அது மரியாதை தெரிஞ்ச வண்டிம்மா. வேலை முடிஞ்சதுன்னா தன்னால ஏறிக்கும்."

"மாப்பிள்ளையைக் குறுக்கு விசாரணை பண்ணாத!" என்று இவர் சீறினார். "கையை எடு." என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தே விட்டார். ஒரு பெண்பிள்ளையின் மூன்று மாத நிம்மதி, தேங்காய்ச் சட்னிக் கிண்ணத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் மதினியின் போன் 'டிங்' என்றது. மதினி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பி மேஜை நடுவில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, சாம்பார் வாளியில் சாய்த்து வைத்தார்.

ஜஸ்வீர் அனுப்பிய படம். அங்கே ராத்திரி, தெருவிளக்கு வெளிச்சம். காற்று, அண்ணன் காருக்குப் போர்த்தியிருந்த கவரை உருவி வேலியில் மாட்டியிருந்தது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி முழுசாக இறங்கியபடியே இருந்தது. உள்ளே கூரை வரைக்கும் பனி. மாவு மில்லில் கோணியை அமுக்கி நிரப்பின மாதிரி. ஸ்டியரிங்கின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. கீழே ஒரு வரி. மதினி தமிழில் வாசித்தார்: "'வாசல் பனியை அள்ளிட்டேன். கார்ல இருக்கறதையும் அள்ளணுமா?'"

மேஜையைத் தாண்டிக்கொண்டிருந்த சாவி நடுவழியில் நின்றது.

"அதான் கவரைத் தூக்கிப் பார்க்க விடலையா?" என்றார் மதினி. "'தூங்குற வண்டி, தொடாதே'ன்னீங்க. நான் பஸ்ஸுக்கு நின்னேன், அந்தக் குளிர்ல."

சபாபதி அண்ணனைச் சாமானியமாக எடை போடக் கூடாது. தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தார். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முகத்தில் மெதுவாக ஒரு திருப்தி பரவியது.

"வந்துருச்சா! இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். இதுதான் கடைசிக் கட்டம், அதான் உங்ககிட்ட முன்னாடியே சொல்லல. மீனை எப்படிக் கெடாம வைக்கறோம்? ஐஸ்ல. வெளிய மட்டும் ஐஸ் போட்டா போதுமா? வயித்துக்குள்ளயும் அடைக்கணும். சித்திரையில பாருங்க, இன்னைக்குத்தான் ஷோரூம்ல பிடிச்ச மாதிரி துள்ளும்!"

இவர் மாப்பிள்ளையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் சாவியை என் பக்கம் தள்ளிவிட்டு, இட்லியில் ஏதோ முக்கியமான வேலை இருப்பது போல் குனிந்துகொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மாப்பிள்ளை விஷயத்தில் அவர் செய்த ஒரே புரட்சி அது.

நான் சாவியை எடுத்து மதினியின் கையில் வைத்தேன். வின்னிபெக்கில் அந்தக் காரை ஓட்டுவது மதினிதான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வழி தப்பாகச் சொல்லுவார்.

"மதினி, இது தூங்கவே வேண்டாம். மார்க்கெட், கோயில், எங்க வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க."

"கண்ணாடி நாலும் ஏறுதா?"

"ஏறும் மதினி."

"அப்ப நான் என்ன பண்றது?" என்றார் அண்ணன்.

மதினி சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார்: "பின்சீட்டுல உக்காந்து சாம்பிராணி போடுங்க. ஜன்னலைத் தொடாதீங்க."