குனியாத ஊர்

முன்னொரு காலத்தில் மேல்கரை நாட்டை விருதராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்குத் தானம் கொடுக்கப் பிடிக்கும். வாங்கியவன் காலில் விழுவதைப் பார்ப்பது அதைவிடப் பிடிக்கும்.

பட்டமேறிய புதிதில் செம்பாறை என்ற வறண்ட ஊருக்கு அவன் ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தான். நாட்டிலேயே ஆழமான கிணறு. அடிப்பாறையைக் குடைந்து எடுத்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அதுவரை அந்த ஊர்க்காரர்கள் மழைநீர் தேங்கும் ஊருணியில்தான் குடித்துவந்தார்கள். "ராஜா கிணறு இருக்கும்போது இந்தக் குட்டை எதற்கு?" என்று ஊருணியைத் தூர்க்கச் சொன்னவர் வெங்கணர். அவர் ராஜாவின் மாட்டுப்பண்ணை அதிகாரி. மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லிக்கொண்டு திரிவார்.

வருஷங்கள் ஓடின. ஒருநாள் ராஜாவுக்குத் தன் கிணற்றைப் பார்க்கும் ஆசை வந்தது. போனான். ஊரே வரிசையில் நின்றது. ஒருவரும் காலில் விழவில்லை. தலைகூடத் தாழவில்லை. கையை மட்டும் கூப்பிக்கொண்டு விறைத்து நின்றார்கள்.

வெங்கணர் ராஜாவின் காதருகே வந்தார். "பார்த்தீர்களா மன்னா, உங்கள் தண்ணீரைக் குடித்து வளர்ந்த திமிரை! பேசிவைத்துக்கொண்டு நிற்கிறார்கள்."

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊர்த்தலைவர் சடையாண்டியை முன்னால் இழுத்துவந்தார்கள்.

"ஏன் வணங்கவில்லை?"

"மனசுக்குள்ள விழுந்து கும்பிட்டுட்டேன் ராசா. உடம்பு வளைய மாட்டேங்குது. முதுகு கல்லாப் போச்சு."

"ஊர் முழுக்கவா?"

"ஆமா சாமி. சின்னவங்களுக்கும் முழங்கால் மடங்கலை."

"கேட்டீர்களா கதையை!" என்று சிரித்தார் வெங்கணர்.

"நாளைக்குச் சபையில் என் காலில் விழு. விழாவிட்டால் கழுத்தில் தலை இருக்காது," என்றான் ராஜா.

மந்திரி திருமலைக்கொழுந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பேசிப் பயனில்லை என்பது தெரியும். இந்த ராஜாவிடம் நியாயம் கேட்டவர்கள் சிறையில் இருந்தார்கள். சிரிக்கவைத்தவர்கள் வெளியே இருந்தார்கள்.

"மன்னா, சதி என்றால் ஒருவனை மட்டும் பிடித்தால் போதுமா? இங்கே இன்னொருவனும் உங்களுக்குத் தலைகுனியவில்லை. அவனையும் நாளைக்குக் கொண்டுவருகிறேன்," என்றார்.

"கொண்டு வாரும்!"

மறுநாள் சபை நிறைந்திருந்தது. சடையாண்டியைக் கயிற்றால் கட்டி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் சங்கிலி பூட்டிய இன்னொரு குற்றவாளியைக் கொண்டுவந்தார்கள். அது ஒரு காளை மாடு. நொண்டிக்கொண்டு வந்தது.

ராஜா வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "இதுவா சதிகாரன்?"

"ஆமாம் மன்னா. இதுவும் உங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. இதற்கும் கழுத்து வளையவில்லை. தலையை வெட்டுவதற்கு முன்னால் வயதைக் குறித்துக்கொள்ள வேண்டாமா? வெங்கணரே, தாங்கள்தான் சொல்ல வேண்டும்."

வெங்கணர் மீசையைத் தடவிக்கொண்டு இறங்கிவந்தார். மாட்டின் வாயைப் பிளந்து பார்த்தார். "கிழடு! பல்லெல்லாம் பழுப்பேறித் தேய்ந்துபோய்விட்டது. சாகப்போகிற மாடு. இதில் எனக்குத் தவறவே தவறாது மன்னா."

"மாட்டின் அந்தப் பக்கத்தையும் பாருங்கள்," என்றார் மந்திரி.

அங்கே வெங்கணரின் பண்ணை அடையாளமாகப் போடும் சூடு இருந்தது.

"வெங்கணரே, இளவரசருக்குக் காது குத்தியபோது தாங்களே செம்பாறைக்குத் தானம் கொடுத்த கன்று இது. இளவரசருக்கு இன்னும் பால்பல் விழவில்லை. இது எப்படிக் கிழடாயிற்று?"

சபை கொல்லென்று சிரித்தது. வெங்கணர் சிரிக்கவில்லை.

மந்திரியும் சிரிக்கவில்லை. "மனிதன் பொய் சொல்வான், திமிர் பிடிப்பான், சரி. மாடு எதற்குப் பல்லைக் கறையாக்கிக்கொண்டு நொண்ட வேண்டும்? கிணறு வந்தபின் பிறந்த பிள்ளைகளுக்கும் இதே பல்தான் மன்னா. சடையாண்டியின் தம்பி பக்கத்து ஊரில் இருக்கிறான். அங்கே ஊருணித் தண்ணீர். நேற்று அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அண்ணனும் தம்பியும் ஒரே சோறுதான் சாப்பிடுகிறார்கள். தண்ணீர்தான் வேறு. ஆழத்தில் கிடக்கும் தண்ணீர் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வருகிறது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது. எலும்புக்குத் தெரியும்."

ராஜா காளையின் பழுப்புப் பல்லைப் பார்த்தான். பிறகு வெங்கணர் பக்கம் திரும்பினான். "இனி நீர் செம்பாறையில் குடியிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடியும்."

"வேண்டாம் மன்னா," என்றார் மந்திரி. "இவரைத் தண்டிப்பதற்காகக் கிணறு திறந்திருக்க வேண்டிவரும். அதை மூடுங்கள். தூர்த்த ஊருணியை இவரே தோண்டட்டும்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். வெங்கணர் தலைப்பாகையை அவிழ்த்துச் சும்மாடு கட்டி மண்கூடை சுமக்க உத்தரவாயிற்று. சபை ஆரவாரித்தது. அந்தச் சத்தத்தில் ராஜாவுக்குப் பழைய குணம் திரும்பிவிட்டது. எழுந்து நின்று கையை உயர்த்தினான்.

"சடையாண்டி! உன்னை மன்னித்தேன். இன்றுமுதல் செம்பாறைக்காரர்கள் யாரும் என்னை வணங்க வேண்டியதில்லை. இப்படி ஒரு சலுகையை எந்த ராஜாவும் கொடுத்ததில்லை!"

"வாழ்க! வாழ்க!" என்று சபை அதிர்ந்தது.

கட்டை அவிழ்த்தார்கள். சடையாண்டி சத்தம் அடங்கும்வரை நின்றார்.

"ரொம்ப சந்தோஷம் ராசா. ஊருணி வந்தா எங்க முதுகு வளையுமா?"

ராஜா மந்திரியைப் பார்த்தான். மந்திரி, "இனிப் பிறக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றும் வராது," என்று மெல்லச் சொன்னார்.

"அப்ப எங்களுக்கு இதேதான்." சடையாண்டி கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்குக் குனிய வேண்டாம்னு உத்தரவு போட்டுட்டீங்க. வீட்டுல பேத்தி தவழுது. கையை நீட்டிக்கிட்டு அழும். அவளைத் தூக்கக் குனியணுமே, அதுக்கும் ஒரு உத்தரவு போடுவீங்களா?"

சடையாண்டி கையைக் கூப்பினார். உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். படியிறங்க இரண்டு காவலர்கள் அவரைத் தூக்கி இறக்கிவிட வேண்டியிருந்தது.

ராஜா கதை இவ்வளவுதான். செம்பாறைக்கு மழை பெய்துகொண்டிருக்கட்டும்.