முதல் இலைச் சண்டையும் கல்யாணக் காரியஸ்தரும்

கொன்றையூர் ராஜா செங்கண்ணருக்குப் போர் என்றால் பாயசம் சாப்பிடுகிற மாதிரி. வாளைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். ஆனால் வீட்டில் கல்யாணம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், மனிதர் கொல்லைப்புறமாக நழுவிவிடுவார்.

காரணம் இருந்தது. மூத்த மகள் கல்யாணத்தில், பந்தியில் முதல் இலை யாருக்கு என்று ஒரு சண்டை மூண்டது. பெண்ணுக்குத் தாய்மாமன் நான், எனக்குத்தான் என்றார் ராணியின் அண்ணன் பொன்னம்பலத்தார். பெண்ணுக்கு அத்தை நான், எனக்குத்தான் என்றார் ராஜாவின் தங்கை வடிவுநாச்சியார். கடைசியில் இருவருமே சாப்பிடாமல் வண்டியேறிப் போய்விட்டார்கள். ஐந்து வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

இப்போது இளையவள் தேமொழிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் அப்பாவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். மாமா மாலை எடுத்துத் தர வேண்டும், அத்தை ஆலம் சுற்ற வேண்டும், இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதற்குச் சம்மதம் இல்லாவிட்டால் மணவறைப் பக்கமே வரமாட்டேன் என்றாள்.

ராஜா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வேளையில்தான் உமாபதி என்று ஒருவர் சபைக்கு வந்து சேர்ந்தார். ஊர் ஊராகப் போய்க் கல்யாணம் நடத்திக் கொடுப்பதே அவர் தொழில். பந்தல், மேளம், சமையல், சந்தனம் எல்லாம் என் பொறுப்பு, அரண்மனையில் யாரும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட வேண்டாம் என்றார். ராஜாவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. ராணி பெருந்தேவிக்கு முகம் சிவந்தது.

"ஏன், நம்ம வீட்டுல ஆள் இல்லையா? நம்ம பொண்ணு கல்யாணத்தை யாரோ வந்து நடத்தணுமா?"

"ஆள் இருக்கறதுதானே தேவி கஷ்டமே" என்றார் ராஜா.

வார்த்தை தடித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மந்திரி சாத்தப்பர் பக்கம் திரும்பினார்கள். சபையில் சிக்கல் என்று வந்தால் அந்த மனிதர் தலையில்தான் விழும். உமாபதியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நாளை உச்சிப்பொழுதுக்குள் நீர்தான் சொல்ல வேண்டும் என்றார் ராஜா. மாமனும் அத்தையும் மறுபடி முறைத்துக்கொண்டு போனால் நீரும் அதே வண்டியில் ஏறி ஊரைவிட்டுப் போய்விடலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். வேண்டும் என்று சொன்னால் ராணி சும்மா விடமாட்டார். வேண்டாம் என்று சொன்னால் ராஜா விடமாட்டார். நாமாக இருந்தால் அப்போதே மூட்டை கட்டியிருப்போம்.

மறுநாள் சாத்தப்பர் சாவகாசமாக வந்து நின்றார்.

"உமாபதியை வச்சுக்கலாம் மகாராஜா. ஆனா அவர் ஒரு வேலையும் பார்க்கக் கூடாது. வேலையெல்லாம் மகாராணியும் அரண்மனை ஆளுங்களுமே பார்க்கட்டும். ஏற்பாடு உமாபதியோடதுன்னு பேர் மட்டும் இருக்கட்டும்."

ராணிக்கு இது பிடித்துப்போயிற்று. ராஜாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உமாபதிக்கோ மானம் போன மாதிரி ஆகிவிட்டது. இருபது வருஷத் தொழில்காரனைச் சும்மா உட்கார வைப்பதா என்று கொதித்தார். சாத்தப்பர் அவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது உமாபதி சாதுவாகத் தலையாட்டினார்.

கல்யாண நாள் வந்தது. பந்தல் வாசலில் உயரமாக ஓர் ஆசனம் போட்டு, மயில் கழுத்து நிறத் தலைப்பாகையோடு உமாபதியை உட்கார்த்தியிருந்தார்கள். பொன்னம்பலத்தார் வண்டியிலிருந்து இறங்கும்போதே குதித்தார். அத்தை வீட்டுக்கு அழைப்பு வைத்துவிட்டு அப்புறம்தான் என் வீட்டுக்கு வந்தார்களாமே, யார் செய்த வேலை இது? அடுத்த வண்டியில் வடிவுநாச்சியார். முதலில் வந்து என்ன, ராகுகாலத்தில் வந்தல்லவா அழைத்தார்கள்? சாத்தப்பர் இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொன்னார். எல்லாம் அதோ, அந்தக் காரியஸ்தர் ஏற்பாடு.

அவ்வளவுதான், இருவரும் உமாபதியைப் பிடித்துக்கொண்டார்கள். பன்னீரில் வாசனை இல்லை, சந்தனம் தண்ணியாக இருக்கிறது, நாதசுரக்காரர் மூச்சு வாங்குகிறார், வாழைமரம் சாய்ந்திருக்கிறது. உமாபதி எல்லாவற்றுக்கும் "தப்புத்தாங்க" என்று கைகூப்பினார். ஒரு கட்டத்தில் வடிவுநாச்சியாருக்குத் தன் கட்சிக்கு ஆள் வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

"தேமொழி மாமா, நீங்களே சொல்லுங்க. இது ஒரு கோலமா?"

ஐந்து வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. பொன்னம்பலத்தார் மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு கோலத்தை உற்றுப் பார்த்தார்.

"கோழி கிளறின மாதிரியில்ல இருக்கு, தேமொழி அத்தை!"

கோலம் போட்டது ராணி. பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றார்.

முகூர்த்தத்தில் மாமன் மாலை எடுத்துத் தந்தார், அத்தை ஆலம் சுற்றினார். தேமொழிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பந்தியில் இருவரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து, குழம்பில் புளி அதிகம் என்று ஒரே குரலில் உமாபதியை வைதுகொண்டே மூன்று தரம் ஊற்றிச் சாப்பிட்டார்கள். முதல் இலையில் எவனோ தூரத்து ஊர்க்காரன் உட்கார்ந்திருந்தான். யாரும் கவனிக்கவேயில்லை.

ராஜா சாத்தப்பரை ஓரமாக இழுத்தார். "என்னய்யா மாயம் இது?"

"மாயமில்ல மகாராஜா. கல்யாண வீட்டுல கோபத்தை நிறுத்த முடியாது. யார் மேல போகணும்னு வேணா காட்டி விடலாம். இத்தனை நாளும் அதுக்கு வெளியாள் ஒருத்தர் இல்லாம, சொந்தக்காரங்க மேலயே போயிட்டிருந்துச்சு."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தன் முத்து மாலையைக் கழற்றிச் சாத்தப்பர் கழுத்தில் போட்டார். அப்புறம்தான் உமாபதி நினைவு வந்து மனசு சங்கடப்பட்டது. தேடிப் போனார். மனிதர் சமையல்கட்டுக்குப் பின்னால் சம்மணம் போட்டு, தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, ரசித்து ரசித்துப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேருந்து இவ்வளவு திட்டு வாங்கினீரே. வருத்தமா இல்லையா?" என்று கேட்டார் ராஜா.

"வருத்தமா? நான் நடத்தின எல்லாக் கல்யாணத்துலயும் இதே திட்டுதான் மகாராஜா" என்றார் உமாபதி, உதட்டைத் துடைத்துக்கொண்டே. "ஒரு வேலையும் செய்யாம வாங்கினது இன்னிக்குத்தான்."