பெரிய தூம்பா

"பயம் போக ஒரு ஜெபம் சொல்லிக் குடுங்க சிஸ்டர்."

காலை ஒன்பது மணிக்கு, இரண்டு மைல் ஓட்டமும் நடையுமாக வந்து, உபதேசியார் சூசைமாணிக்கம் கேட்டது இது. அறுபது வயது. முப்பத்தைந்து வருஷமாகக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிற மனுஷன். அவருக்குத் தெரியாத ஜெபமா?

சிஸ்டர் ஜெர்மானா நிமிர்ந்து பார்க்கவில்லை. தொழுநோயாளிகள் இல்லத்துக் கிணற்றடியில் உட்கார்ந்து, ஒரு பெரியவரின் காலைக் கழுவிப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். உபதேசியாரைவிட சிஸ்டருக்கு இருபது வயது குறைவு. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் உபதேசியார் வருவார், கை கட்டி நின்று சந்தேகம் கேட்பார். குரு என்றால் அவருக்கு இந்த சிஸ்டர்தான்.

"என்ன பயம்?"

"ஊர்ப் பயம். கீழத்தெருவுல பிரகாசி இறந்துட்டா."

"கோயில் கூட்டுற பிரகாசியா?"

"ஆமா சிஸ்டர். விடியக்காலையில."

சிஸ்டரின் கை நின்றது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வயிறு எரிகிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

பிணத்தை வைத்து நாலு பேர் தோளில் தூக்கிப் போகிற மரக்கூட்டுக்கு எங்கள் பக்கம் தூம்பா என்று பெயர். எங்கள் கோயிலில் இருப்பது பெரிய தூம்பா. தேக்கு மரம், நாலு மூலையிலும் இறக்கை விரித்த சம்மனசு செதுக்கியது. மேலத்தெருவில் யார் செத்தாலும் அதில் ஏறி, பெரிய தெரு வழியாகக் கல்லறைக்குப் போகலாம். கீழத்தெருவில் செத்தால் பச்சை மூங்கில் பாடை, வாய்க்கால் வரப்பு. கீழத்தெரு என்றால் எந்தத் தெரு என்று தமிழ் வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லாரும் ஒரே தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். தூ!

அந்தத் தூம்பாவை முப்பது வருஷமாகத் துடைத்து எண்ணெய் போட்டது பிரகாசி. அவள் துடைக்கலாம். படுக்கக் கூடாது.

அன்றைக்குக் காலையில் அவள் மகள் அமலோற்பவம் உபதேசியார் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "எங்கம்மா பெரிய தூம்பாவுலதான் போகணும். பெரிய தெரு வழியாத்தான் போகணும். சாவியைக் குடுங்க" என்றாள். அழவில்லை. கெஞ்சவில்லை.

கோயிலுக்குப் பின்னால் தூம்பாவைப் பூட்டி வைக்கிற கொட்டகையின் சாவி உபதேசியாரிடம்தான் இருந்தது. சாவுச் செய்தி வந்ததுமே பங்குச் சாமியாருக்கு ஆயர் இல்லத்தில் அவசர வேலை வந்துவிட்டது. "நீரே பார்த்துக்கொள்ளும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார். இந்த மாதிரி நாளில் அவருக்கு எப்போதும் அவசர வேலை வரும்.

அமலோற்பவம் போன அரைமணியில் நாட்டாமை இன்னாசி வந்தார். "சாவி கை மாறுச்சு, அந்தக் கை உடம்புல இருக்காது" என்றார். போன ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசித்த அதே வாய்.

"ரெண்டு பேருக்கும் நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் சிஸ்டர்.

"பார்க்கலாம்னு சொன்னேன்."

"பார்க்கலாமா? என்னத்தைப் பார்க்கப் போறீங்க?"

சிஸ்டரின் முகம் சிவந்துவிட்டது.

"பெரிய வெள்ளிக்கிழமை அந்தத் தூம்பாவுல யாரை வச்சுத் தூக்குறீங்க?"

"இயேசு சாமி சுரூபத்தை."

"செத்த சாமியை."

"ஆமா."

"அவரு எந்தத் தெரு?"

உபதேசியார் தலையைச் சொறிந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் எந்தப் பிள்ளையும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"அதெல்லாம் எனக்கும் புரியுது சிஸ்டர். புரிஞ்சு என்ன செய்ய? காலு நடுங்குதே! பயம் போனாத்தானே நான் போய் நிக்க முடியும்?"

"பிடிபடுற ராத்திரி தோட்டத்துல இயேசு சாமிக்கு ரத்தமா வேர்த்துச்சே, அவருக்குப் பயம் இல்லையா?"

"இருந்துச்சு."

"ஜெபம் பண்ணினாரே, போச்சா?"

உபதேசியார் யோசித்தார். "போனதா எழுதலை."

"பிறகு?"

"எழுந்து போனாரு."

"அப்போ உங்களுக்கு மட்டும் என்னய்யா தனி ஜெபம்?"

"அவரு கடவுள் சிஸ்டர். நான் உபதேசியார்."

காலை நீட்டியிருந்த பெரியவர் சிரித்துவிட்டார். சிஸ்டர் சிரிக்கவில்லை. எழுந்து, ஈரக் கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க."

உபதேசியார் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு சாண் நீளத்துக்கு இரும்புச் சாவி. சிஸ்டர் அதை வாங்கிய கையோடு கிணற்றுக்குள் வீசிவிட்டார்.

"ஐயையோ! என்ன சிஸ்டர் இது!"

"இனிமே நீங்க யாருக்கும் பயப்பட வேண்டாம். நாட்டாமை வந்தா, சாவி கீழத்தெருவுக்குப் போகலைன்னு சொல்லுங்க. அமலோற்பவம் வந்தா, சாவி கிணத்துல விழுந்துருச்சுன்னு சொல்லுங்க. ரெண்டும் பொய்யில்லை. பயம் போச்சா?"

உபதேசியார் கிணற்றை எட்டிப் பார்த்தார். நல்ல ஆழம். ஆள் இறங்கித் தேட முடியாது. மூச்சு இழுத்து விட்டார். கால் நடுக்கம் நின்றிருந்தது.

"போச்சு சிஸ்டர்! சுத்தமா போச்சு!" என்றார். சிரிப்புக்கூட வந்துவிட்டது. "நல்ல காரியம் பண்ணினீங்க. எனக்கு இது தோணவே இல்லை பாருங்க."

"சந்தோஷம். பிரகாசி இப்போ எங்க கிடக்கா?"

"வீட்டு வாசல்ல. பெஞ்சு மேல."

"வெயில் ஏறுதே."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி உட்கார்ந்து, பாதியில் விட்ட கட்டைச் சுற்றத் தொடங்கினார்.

உபதேசியார் அங்கேயே நின்றார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அது இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. ஒரு பொம்பளை செத்து வெயிலில் கிடக்கிறாள், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேனே! சீ! நாட்டாமை மேல்கூட அவருக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. தன் முகத்தில் தானே காறித் துப்பிக்கொள்ள வழியிருந்தால் துப்பியிருப்பார். துண்டை எடுத்து முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

கால் மறுபடியும் நடுங்க ஆரம்பித்தது.

"சிஸ்டர், கடப்பாரை இருக்கா?"

"வாழைத் தோட்டத்துல சாத்தி வச்சிருக்கு."

போய் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"நீங்களும் கூட வரலாமே சிஸ்டர்?"

"கட்டுப் போட இன்னும் பதினோரு பேர் இருக்காங்க."

"ஆண்டவர் காப்பாத்துவாரா?"

"அடி விழாம காப்பாத்துவாரான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. பெத்த மகனுக்கே விழுந்துச்சு."

நல்ல ஆறுதல்! உபதேசியாருக்கு வந்த எரிச்சலில் ஸ்தோத்திரம்கூடச் சொல்லாமல் நடந்தார்.

உச்சி வெயிலில் கோயிலுக்குப் பின்னால் பூட்டை இடிக்கிற சத்தம் மேலத்தெரு முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு இடிக்கும் ஒரு தரம் "ஆண்டவரே!" என்று கத்தினார் உபதேசியார். ஜெபமா, வசவா என்று அவருக்கே தெரியாது. ஜன்னல்கள் திறந்தன. ஒருவரும் வெளியே வரவில்லை. ஏழாவது இடியில் பூட்டு தெறித்தது.

சத்தம் கேட்டு வந்த பிரகாசியின் மருமகனும் உபதேசியாருமாகத் தூம்பாவைக் கீழத்தெருவுக்குத் தூக்கிப் போனார்கள். வேப்பமர நிழல்கூட இல்லாத அந்த வாசலில் பிரகாசியைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சேலை உடுத்தி, அதில் படுக்க வைத்தார்கள்.

தூக்க நாலு தோள் வேண்டும். மருமகன் ராயப்பன் ஒன்று. உபதேசியார் ஒன்று. சந்தியாகு என்று ஒரு இளவட்டம், தயங்கித் தயங்கி வந்து நின்றான். நாலாவதாக எந்த ஆம்பளையும் வரவில்லை.

"நகருங்க" என்று அமலோற்பவம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தோள் கொடுத்தாள்.

பெண் தோள் கொடுத்து எங்கள் ஊரில் சவம் போனதில்லை. அன்றைக்குப் போனது. பெரிய தெருவுக்குள்ளும் நுழைந்தது. பின்னால் கீழத்தெருவே வந்தது.

பாதித் தெருவில் நாட்டாமை நின்றார். கூட ஆறு பேர். எல்லார் கையிலும் கம்பு.

பின்னால் வந்த சனம் இருபதடி தள்ளியே நின்றுவிட்டது. சந்தியாகு நாட்டாமை வயலில் வேலை பார்க்கிறவன். நாட்டாமை அவனைப் பார்த்து, "ஏலே" என்று ஒரு சொல்தான் சொன்னார். அவன் தோளை உருவிக்கொண்டு ஓடிவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூணு மாசத்துக்கு முன்னால்தான் கூரை வேய்ந்திருந்தான். ஒரு தீக்குச்சி போதும்.

தூம்பா அவன் விட்ட மூலைக்குச் சரிந்தது. மாலை நழுவித் தெருவில் விழுந்தது. பிரகாசியின் தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. அமலோற்பவம் "அம்மா!" என்று அலறினாள். காலையிலிருந்து அவள் அலறியது அப்போதுதான்.

நாட்டாமை கம்பை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். உபதேசியாரின் முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. தெருவே பார்த்தது.

"காலையிலதானே சொல்லிட்டு வந்தேன்? பயமே இல்லையாய்யா உனக்கு?"

"இருக்கு" என்றார் உபதேசியார். "அவ விழப்போறா. அந்த மூலையைப் பிடிங்க."