ஓடுகிற மிஷினுக்குப் பொட்டு

அன்று ஆயுத பூஜை. பட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர்: முதலாளி தண்டபாணி, வெல்டர்கள் நால்வர், துடைத்துப் பெருக்கும் செங்கமலம். வெல்டிங் மிஷின்கள் ஐந்து: புதியவை இரண்டு, பழையவை மூன்று.

"பழைய மிஷின் ஷாக் அடிக்குதுங்க ஐயா. போன வாரம் துடைக்கப் போய்த் தூக்கிப் போட்டுடுச்சு," என்றாள் செங்கமலம்.

"எல்லாம் நல்ல மிஷின். எது அடிக்குதுன்னு தொடாமலே காட்டு. முடியலேன்னா நாளையிலிருந்து வராதே," என்றார் முதலாளி.

"சரிங்க ஐயா. அஞ்சையும் ஆன் பண்ணி வச்சு, உங்க கையாலயே பொட்டு வைங்க. ஓடும்போது வச்சா வருஷம் பூரா ஓடும்."

வெல்டர்கள் சுவிட்சைப் போட்டார்கள். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரச் சந்தனத்தைத் தொட்டுப் புது மிஷின் இரண்டுக்கும் அழுத்திப் பொட்டு வைத்தார். பழைய மூன்றுக்கும் நான்கடி தள்ளி நின்று சந்தனத்தைச் சுண்டி விட்டார்.

"அந்த மூணுதாங்க ஐயா," என்றாள் செங்கமலம்.

வெல்டர்கள் நால்வரும் கூரையைப் பார்த்தார்கள்.

"சரி, வேற பட்டறைக்கு வித்துடலாம்," என்றார் முதலாளி.

"வாங்குறவங்களும் உங்களையே பொட்டு வைக்கச் சொல்வாங்க ஐயா."

முதலாளி, இனி யாரும் ஓட்ட முடியாதபடி வயர்களை வெட்டச் சொன்னார். சூடு தணிக்க உள்ளே ஊற்றியிருந்த எண்ணெயைச் சாக்கடையில் விடாமல் டிரம்மில் வடித்தார்கள். மூன்றும் காயலான் கடைக்குப் போயின.

மறுநாள் செங்கமலம் வேலைக்கு வந்தாள். துடைப்பதற்கு மீதி இருந்தவை இரண்டு மிஷின்கள்.