மூச்சை இழுத்துப் பிடிங்க

எங்கள் ஸ்கேன் அறையில் ஒரு குரல் உண்டு. மெஷினுக்குள் யாரோ பதிந்து வைத்த பெண் குரல். "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்று சொல்லும். படம் எடுத்து முடிந்ததும் "மூச்சு விடலாம்" என்று சொல்லும். நெஞ்சு ஸ்கேன் என்றால் எங்களுக்கு இவ்வளவுதான். "விடலாம்" என்று காதில் விழுந்ததுமே டெக்னீஷியன் அடுத்த ஆளைக் கூப்பிட எழுந்துவிடுவார். அதற்கப்புறம் நோயாளி மூச்சு விட்டாரா இல்லையா என்று யார் பார்த்தார்கள்?

அருளப்பன் எங்களோடு படிக்க வந்தவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருஷம் பாம்புக்கடியும் பிரசவமும் பார்த்துவிட்டு, மகளைக் கல்லூரியில் சேர்த்த கையோடு தானும் ரேடியாலஜி படிக்கச் சேர்ந்தார். கண் என்றால் அப்படி ஒரு கண். நாங்கள் திரையைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ரிப்போர்ட் அடித்து முடித்திருப்பார். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

"படத்துல இருந்தா இருக்கு. இல்லேன்னா இல்ல. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்பார்.

பேராசிரியர் சங்கரகோமதி அவரைவிட வயதில் சின்னவர். அதனால் அவரை "சார்" என்றுதான் கூப்பிடுவார். அருளப்பன் அவரை "மேடம்" என்பார். யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

அன்றைக்குக் காலையில் அருளப்பன் ஒரு ரிப்போர்ட்டைக் கையெழுத்துக்கு நீட்டினார்.

"ஆயுதப்படையில இருக்கிற போலீஸ்காரம்மா, மேடம். பேரு இசக்கியம்மாள். மூச்சுத் திணறல்னு ஓ.பி.யில இருந்து ஸ்கேனுக்கு அனுப்பியிருக்காங்க. நுரையீரல் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. ஒண்ணுமில்லம்மான்னு அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

மேடம் படத்தை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தார். கீழிருந்து மேலே ஓட்டிப் பார்த்தார். குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை.

"ஊதிப் பார்க்கிற டெஸ்ட் என்ன சொல்லுது சார்?"

"அதை விடுங்க மேடம். ஒழுங்கா ஊதலை, ஒத்துழைப்பு இல்லைன்னு எழுதி வச்சிருக்காங்க. கவாத்துக்குப் போகாம இருக்க நடிக்கிறாங்கன்னு அவங்க ஆபீஸ்லயே பேச்சாம்."

"ஊத மாட்டேங்கிறாங்களா, ஊத முடியலையா?"

அருளப்பனுக்குச் சுருக்கென்று பட்டது. "இருக்கிறதைத்தானே மேடம் எழுத முடியும்? படத்துல இல்லாத வியாதியை நான் எங்க போய்த் தேட?"

மேடம் எழுந்து வெளியே போனார். என்னவோ நடக்கப்போகிறது என்று நாங்களும் பின்னாலேயே போனோம்.

வராந்தா பெஞ்சில் இசக்கியம்மாள் காக்கி உடுப்போடு உட்கார்ந்திருந்தார். மேடத்தைப் பார்த்ததும் எழுந்து விறைப்பாக நின்றார்.

"உக்காரும்மா. என்ன செய்யுது உனக்கு?"

"முன்னாடில்லாம் மாவட்டப் போட்டியில ஓடுனவ மேடம் நான். இப்போ மாடி ஏறினாலே நெஞ்சு அடைச்சுக்கிடுது. வேலைக்கு வணங்காம நடிக்கேன்னு சொல்லுதாங்க. நாளைக்கு எங்க ஆயுதப்படை இன்ஸ்பெக்டர் ஐயா முன்னாடி இந்த ரிப்போர்ட்டோட போய் நிக்கணும். ஒண்ணுமில்லைன்னு இருந்துச்சுன்னா மெமோதான். வேலை போயிரும் மேடம். கஷ்டப்பட்டு வாங்கின வேலை."

இதைச் சொல்வதற்குள் நடுநடுவே நிறுத்தி நிறுத்தி மேல்மூச்சு வாங்கிக்கொண்டார். மேடம் அவசரப்படுத்தாமல் முழுக்கக் கேட்டார்.

"இன்னொரு தடவை மெஷின்ல படுக்கியா?"

"எத்தனை தடவைன்னாலும் படுக்கேன் மேடம்."

அருளப்பன் எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மேடம், நல்லா இருக்கிற நுரையீரலுக்கு மறுபடியும் கதிர்வீச்சா?"

"முழுசா வேண்டாம் சார். அங்கங்கே நாலஞ்சு குறுக்குவெட்டுப் படம் எடுத்தாப் போதும்."

இசக்கியம்மாளைப் படுக்கவைத்துவிட்டு டெக்னீஷியன் வழக்கம்போல அந்தக் குரலைப் போடப் போனார். மேடம் தடுத்தார்.

"இன்னைக்கு அந்தம்மாவுக்கு லீவு குடுங்க."

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடம் சிரிக்கவில்லை. உள்ளே போய் இசக்கியம்மாளின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். வயிற்றில் கையை வைத்து ஊதிக் காட்டச் சொன்னார். இரண்டு மூன்று தடவை பழக்கிவிட்டு வெளியே வந்தார். மைக்கை அருளப்பன் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க சொல்லுங்க சார். மூச்சை முழுக்க வெளியே விடச் சொல்லி, அப்புறம் நிறுத்தச் சொல்லணும்."

"இவ்வளவுதானே மேடம்" என்று அருளப்பன் பொத்தானை அமுக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மூச்சை நல்லா இழு..."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். எங்களில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அருளப்பனின் காது சிவந்துவிட்டது. பொத்தானிலிருந்து விரலை எடுத்து, மறுபடியும் அமுக்கினார்.

"விடும்மா. ஊது. இன்னும் ஊது. உள்ள மிச்சம் வைக்காதே. இன்னும் கொஞ்சம். அப்படியே நிறுத்து."

படம் வந்தது.

காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரியும். காற்று வெளியேறினால் சுருங்கும், சாம்பல் நிறமாகும். இது எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்த சங்கதி. இசக்கியம்மாளின் நுரையீரலில் பாதி சாம்பலாகியிருந்தது. மீதி ஆகவில்லை. இரண்டு பக்கமும் திட்டுத் திட்டாகக் கறுப்பு அப்படியே நின்றது. அங்கெல்லாம் காற்று வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. காலையில் எடுத்த படத்தில் நுரையீரல் முழுக்கவே கறுப்பு. கறுப்போடு கறுப்பாக அது ஒளிந்துகொண்டிருந்திருக்கிறது.

அருளப்பன் காலையில் எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஐயோ" என்றார். அந்த மனுஷரை அப்படி நாங்கள் பார்த்ததே இல்லை, பாவமாகத்தான் இருந்தது.

கொஞ்சம் கழித்து அவரே கேட்டார். "மேடம், ஒருவேளை அந்தம்மா சரியா ஊதாம இருந்திருந்தா?"

"முழு நுரையீரலும் கறுப்பாவே இருந்திருக்கும் சார். இந்த இடத்துல காத்தை விடு, அந்த இடத்துல பிடிச்சு வைன்னு திட்டுத் திட்டா நடிக்க எந்தக் கொம்பனாலயும் முடியாது."

பறவைத் தூசி ஒத்துக்கொள்ளாவிட்டாலும் காற்று இப்படி மாட்டிக்கொள்ளும். அருளப்பன் சட்டென்று எழுந்து உள்ளே போனார். ஓ.பி. சீட்டில் 'வீட்டில் பறவை வளர்ப்பு: இல்லை' என்று இருந்ததை அவர் படித்திருந்தார். நாங்களும் படித்திருந்தோம்.

"ஏம்மா, நீ குடியிருக்கிற இடத்துல பறவை ஏதும் வந்து அடையுதா?"

"புறாதான் சார். குவார்ட்டர்ஸ் ஜன்னல் பூராவும் புறா."

"ஓ.பி.யில கேட்டப்போ ஏன் சொல்லலை?"

"வளக்கியான்னு கேட்டாங்க. நான் எங்க சார் வளக்கேன்? அது பாட்டுக்கு வருது. தெனமும் எச்சத்தைக் கூட்டி அள்ளுதது மட்டுந்தான் நானு."

மேடம் அதற்குள் வந்துவிட்டார். இசக்கியம்மாளைக் கைகொடுத்து எழுப்பி உட்காரவைத்தார்.

"இந்தா பாரும்மா. உன் நுரையீரல்ல சின்னச் சின்ன மூச்சுக்குழாய்ல அடைப்பு இருக்கு. அந்தப் புறா எச்சத் தூசி ஒத்துக்காம வந்திருக்கலாம். ரத்தம் எடுத்துப் பார்த்து ஓ.பி.யில உறுதி பண்ணுவாங்க, மருந்து குடுப்பாங்க. இனிமே அதைக் கூட்டுற வேலை வச்சுக்காதே. வேற வீடு கேட்டு வாங்கு. அதுக்கும் சேர்த்து எழுதித் தரேன்."

"அப்போ நான் நடிக்கலையா மேடம்?"

"இல்லவே இல்ல."

இசக்கியம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காக்கிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அழுதார். வந்தது சந்தோஷம் மட்டுமில்லை, ஆத்திரமும்தான். அழுகை அடங்கியதும் நேராக அருளப்பனைப் பார்த்தார்.

"சார், நீங்கதான காலைல ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க? எனக்கே என் மேல சந்தேகம் வந்துட்டு சார்."

அருளப்பன் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

மேடம் இசக்கியம்மாளின் தோளில் கை வைத்தார்.

"சார் பார்த்த படம் பொய் இல்லம்மா. இழுக்கச் சொன்னோம், நீ நல்லா இழுத்தே. உனக்குக் கஷ்டம் விடுறதுல. அதை நாங்க யாருமே உன்கிட்ட கேக்கல."