எழுந்திருக்காத விருந்தாளிகள்

கடல் இன்னும் உப்புக் கரிக்காத காலத்தில், கொன்றை நாட்டு அமைச்சர் ஆசனத்தில் மாயசூடன் என்ற மந்திரவாதி உட்கார்ந்திருந்தான். அது மந்திர ஆசனம். அதில் இருப்பவன் சொல்லைத்தான் நாடு கேட்கும். அவனோ நாட்டுக்காக ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை.

"வேலை செய்யலேன்னா எழுந்திருங்களேன்" என்று கொம்பையா என்ற இளைஞன் சபையிலேயே கேட்டுவிட்டான்.

மாயசூடன் சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணம் பானகம் கொடுத்தான். குடித்ததும் கொம்பையா சாய்ந்தான். கண் திறந்திருந்தது, கை கால் அசையவில்லை, மூச்சும் குறைந்துகொண்டே போயிற்று. "விதி" என்றான் மாயசூடன். அரண்மனை வைத்தியர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்!

கொம்பையாவின் அக்கா பவளாயி, கல்யாணப் பந்திகளில் பரிமாறுகிறவள். அவள் விறுவிறுவென்று குளத்துக்கு நடந்தாள். குளத்தங்கரையில் நின்று, "விதியாம் விதி. கலக்கிக் கொடுத்த கை எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று பொருமினாள்.

குளத்து அட்டை ஒன்று தலை தூக்கியது. "உள்ளே போய்ப் பாக்குறியா தாயி?" என்று கேட்டு, அவளைக் கடுகளவாக்கி, கையில் ஒரு கசப்பு வேரைக் கொடுத்தது. "இது எங்கே பொருந்துதோ அங்கேதான் வேலை செய்யும்" என்று சொல்லி, அவளைச் சுமந்து போய், தம்பியின் கையைக் கடித்து ரத்தத்தில் இறக்கிவிட்டது.

உள்ளே தசைக்குத் தசை பந்தி. நரம்பு வாசலிலிருந்து வரும் தூதர்கள் இலைமுன் உட்கார்ந்து கை நனைத்தால்தான் தசை அசையும். ஆனால் எல்லா இலைமுன்னும் பானகத்தில் வந்த சாம்பல் நிறத் தடியர்கள்.

"சாப்பிடுங்க, இல்லே எழுந்திருங்க" என்றாள் பவளாயி.

"உண்ண மாட்டோம், எழ மாட்டோம், இடம் விட மாட்டோம்" என்றார்கள்.

வேரைத் தடியன் தலையில் வைத்தாள், வழுக்கி விழுந்தது. இலையில் வைத்தாள், அங்கும் வழுக்கியது. அப்புறம்தான் நிதானித்துக் கவனித்தாள். தடியர்களும் அவ்வப்போது சோம்பல் முறிக்க எழுந்தார்கள். ஆனால் பின்னால் நின்றதும் தடியர்களே. கிட்டே நின்றவன் சட்டென்று உட்கார்ந்தான். தூதர்களையோ, வந்த வேகத்திலேயே ஒரு துடைப்பக்காரன் பெருக்கித் தள்ளினான்.

"ஏன்யா, சாப்பிட வந்தவங்களை விரட்டுறே?"

"என் வேலை அதும்மா. பெருக்காம விட்டா உன் தம்பி கை ஓயாம உதறும்."

"அது நல்லா இருக்கிற நாளைக்கு. இன்னிக்கு என் தம்பி சாகக் கிடக்கான்யா."

மூன்றாவதாக வேரைத் துடைப்பக்காரன் உள்ளங்கையில் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. துடைப்பம் நின்றது. இலைக்கு இலை தூதர்கள் நெருக்கி நின்றார்கள். தடியன் எழுந்தான், தூதன் உட்கார்ந்தான். விரல் அசைந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, "அக்கா" என்று குரல் வந்தது.

வெளியே வந்து பழையபடி வளர்ந்த பவளாயி, ஊரையே கூட்டிக்கொண்டு சபைக்குப் போனாள். எல்லாரும் ஆசனத்துக்குப் பின்னால் நெருக்கி நின்றார்கள்.

"வேலை செய்ய மாட்டேன், எழ மாட்டேன், இடம் விட மாட்டேன்" என்றான் மாயசூடன்.

யாரும் அவனை இழுக்கவில்லை. நகராமல் நிற்கிறார்களே என்ற கோபம் தாங்காமல் பவளாயியை அறையக் கை ஓங்கி, ஒரு கணம் எழுந்தான். அவ்வளவுதான், அவள் உட்கார்ந்துவிட்டாள். அவன் மாயமெல்லாம் கலைந்தது.

"விதின்னு தலையாட்டினீங்களே, ஒருத்தராவது நாடி பிடிச்சுப் பாத்தீங்களா?" என்று வைத்தியர்களைக் கேட்டாள்.

மாயசூடன் கையில் துடைப்பம் கொடுத்தார்கள். அந்த ஊர்ப் பந்தியை இப்போது அவன்தான் பெருக்குகிறான். நானும் போய்ச் சாப்பிட்டேன். மூலையெல்லாம் அப்படியே குப்பை. அந்த வேலையையும் ஒழுங்காகச் செய்வதில்லை, பாவி.