மேல்வயல் மீனும் மேல்வயல் மண்ணும்

சீனாவில் மியாவ் இனத்தார் வாழும் மலைச்சரிவில் வயல்கள் படிப்படியாக இறங்கும். தேங்கிய தண்ணீரில் நெல்லோடு கெண்டையும் வளரும். மழை இருட்டிக்கொண்டு வந்த நேரம், மேல்வயல் பண்ணையார் லோங் ஆட்களோடும் கூடைகளோடும் ஓடி வந்தார்.

"ஏய் ஆயிங்! உன் வயல் மீனெல்லாம் என் வயல்லேருந்து தண்ணியோட வழிஞ்சு வந்தது, என்னுடையது. மேலேயிருந்து இறங்கினது எதுவானாலும் எனக்குத்தான் சொந்தம்!"

கீழ்வயல்காரி ஆயிங்குக்கு வருஷம் முழுக்க அந்த மீன்தான் கறி. ஊரே கூடிவிட்டது.

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றாள். "ஐயா, போன வாரம் உங்க வரப்பு சரிஞ்சு என் பாதி வயலை மூடிடுச்சு. எடுங்கன்னு கெஞ்சினேன். விழுந்த மண் உன்னோடதுன்னீங்க. இப்ப அதுவும் உங்களோடதுதானே? கூடை இருக்கு, ஆள் இருக்கு. முதல்ல மண்ணை மேலே ஏத்துங்க, அப்புறம் மீனைப் பிடிங்க."

லோங் செங்குத்தான சரிவை அண்ணாந்து பார்த்தார். இடி முழங்கியது.

"இது நம்ம மீன் இல்லைடா," என்றார் ஆட்களிடம். "நம்ம மீனுக்கு மீசை பெரிசு."